மூன்று சாஸ்திரிகளும் ஒரு கேள்வியும்

நான் சட்டம் படித்தவனில்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் சட்டத்தின் சரித்திரத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் வருஷம் ஜூலை 11ஆம் தேதி. அன்று வீட்டில் அப்பாவின் சிராத்தம். அதனால் நான் அலுவலகம் போகவில்லை. அன்று மாலை ஆறரை மணியை ஒட்டிய பதினோரு நிமிடங்களில், மும்பையின் மேற்கு ரயில் பாதையில், முதல் வகுப்புப் பெட்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சர்ச்கேட்டிலிருந்து தினமும் என் எதிரே உட்கார்ந்து, மடித்த செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டு வரும் நண்பர் அவர்களில் ஒருவர். விடை தெரியாத கட்டங்களை எனக்காக மிச்சம் வைப்பார். அடுத்த வாரம் வண்டியில் ஏறியபோது அவர் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில், ஆவணி அவிட்ட ஏற்பாடுகளைப் பற்றிப் பேச எங்கள் கிளைக் கூட்டம் மாதுங்காவில் நடந்தது. பேச்சு குண்டுவெடிப்புக்குத் திரும்பியது. அன்று எல்லோரையும்விட உரக்கப் பேசியவன் நான்தான். "இவர்களுக்கு வக்கீல் எதற்கு? வாதம் எதற்கு? அப்பீல் எதற்கு?" என்று கேட்டேன். கைதட்டல் எழுந்தது.

கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எண்பது வயதைத் தாண்டிய எங்கள் வக்கீல் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ கேட்டதுல கோபம் நியாயம்தான். ஆனா வக்கீல் இல்லே, வாதம் இல்லே, அப்பீல் இல்லேன்னு 1919லயே ஒரு சட்டம் பண்ணியாச்சு. அதுக்குச் சிபாரிசு பண்ணினவாள்ல நம்ம மெட்ராஸ்காரர் ஒருத்தர் உண்டு. வேண்டாம்னு எழுந்து நின்னு பேசினவரும் நம்ம பக்கத்துக்காரர்தான். ரெண்டு பேரும் சாஸ்திரி. ரெண்டு பேரும் பெரிய மனுஷா. போய்ப் படிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்."

போய்ப் படித்தேன். படிக்கப் படிக்க மூன்றாவதாக ஒரு சாஸ்திரியும் கிடைத்தார். அந்த மூவரின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதல் சாஸ்திரி

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1915ல் பிறப்பித்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் பலத்தில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் பலரை விசாரணையின்றி அடைத்து வைத்திருந்தது அரசாங்கம். ஆனால் அது போர்க்காலச் சட்டம். போர் முடிந்து ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும். பிறகு என்ன செய்வது என்று ஆராய, 1917 டிசம்பரில் லண்டன் நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். அதில் இரண்டு இந்தியர்கள். ஒருவர் வங்காளத்தின் பிரபாஸ் சந்திர மித்தர். மற்றவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி திவான் பகதூர் சி.வி. குமாரசாமி சாஸ்திரி.

குழு பெரும்பாலும் கல்கத்தாவில், மூடிய கதவுகளுக்குள் கூடியது. 1918 ஏப்ரலில் அறிக்கை தந்தது. வங்காளத்தில் நடந்த கொலைகள், கொள்ளைகள், சாட்சி சொல்ல அஞ்சிய ஜனங்கள், சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ் அதிகாரிகள் என்று பக்கம் பக்கமாக விவரம். மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911ல் வாஞ்சி ஐயர் கலெக்டர் ஆஷைச் சுட்ட சம்பவமும் அதில் உண்டு. சாதாரணச் சட்டத்தால் இதை அடக்க முடியாது என்ற முடிவில் குழுவினர் ஐவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள்.

குமாரசாமி சாஸ்திரியைத் துரோகி என்று இன்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் கண் முன்னால் இருந்த கோப்புகளில் கொலையுண்டவர்களின் பெயர்கள் நிஜம். சாட்சிகளின் பயம் நிஜம். 2006 ஜூலையில் என் மனம் எந்த நிலையில் இருந்ததோ, ஏறக்குறைய அதே நிலையில்தான் அந்த அறிக்கையும் எழுதப்பட்டிருக்கிறது. அவர் கேட்ட கேள்வி, "ஆபத்தை எப்படித் தடுப்பது?" என்பது. அது தவறான கேள்வி அல்ல. ஆனால் அந்தக் கேள்வியோடு அவர் நின்றுவிட்டார்.

இரண்டாம் சாஸ்திரி

1919 பிப்ரவரி 6ஆம் தேதி இம்பீரியல் சட்டசபையில் ரௌலட் மசோதா வந்தது. சந்தேகத்துக்கு உரியவரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். அவர் விஷயத்தை மறைவில் பரிசீலிக்கும் குழுவின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. விசேஷ நீதிமன்றம் தரும் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. "நா வகீல், நா தலீல், நா அப்பீல்" என்று வட இந்தியாவில் ஜனங்கள் இதைச் சுருக்கமாகச் சொன்னார்கள். மாதுங்காவில் நான் கேட்ட மூன்று கேள்விகளும் அப்படியே!

மறுநாள் எழுந்து பேசினார் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர்; கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். அவர் தீவிரவாதி அல்லர். மிதவாதிகளிலும் மிதவாதி. காந்திஜியின் சத்தியாக்கிரகத்தைக்கூட அப்போது அவர் ஏற்கவில்லை. அப்படிப்பட்டவர்தான் அன்று சபையை அதிரவைத்தார்.

அவர் வாதத்தின் சாரத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். கெட்டவர்களுக்காகக் கொண்டுவரும் கெட்ட சட்டம் கெட்டவர்கள் மேல் மட்டும் பாய்வதில்லை. அரசாங்கம் பயத்தில் இருக்கும்போது அதற்கு ஆள் தெரியாது. குற்றமற்றவரும் ஒற்றனுக்கு அஞ்சி வாழ வேண்டிய நிலை வந்துவிடும். இதைச் சொன்னவர் புரட்சிக்காரர்களின் நண்பர் அல்லர் என்பதுதான் அந்தப் பேச்சின் பலம்.

பார்வையாளராக அன்று காந்திஜி அங்கே இருந்தார். வைஸ்ராய் மெய்மறந்து கேட்டதையும், தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாவனை செய்கிறவரை எப்படி எழுப்புவது என்று தமக்குத் தோன்றியதையும் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். இருந்தும் மார்ச் 18ல் மசோதா நிறைவேறியது. ஜின்னா, மாளவியா, மஜருல் ஹக் ஆகியோர் பதவியைத் துறந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த சமயம் காந்திஜி சென்னையில், கதீட்ரல் சாலை பங்களா ஒன்றில் தங்கியிருந்தார். வீடு கஸ்தூரிரங்க ஐயங்காருடையது. அதனால் தாம் அவருடைய விருந்தாளி என்றே காந்திஜி முதலில் நினைத்திருந்தார். உண்மையில் உபசரித்துக்கொண்டிருந்தவர், சேலத்திலிருந்து புதிதாகச் சென்னைக்குக் குடிவந்திருந்த ராஜாஜி. இரண்டு நாள் கழித்துத்தான் காந்திஜிக்கு இது தெரிந்தது. நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி உபவாசம் இருப்பது என்ற யோசனை ஒரு விடியற்காலையில் அவருக்கு உதித்ததும் அந்த வீட்டில்தான்.

ஏப்ரல் 6ஆம் தேதி நாடே கடையடைத்தது. 13ஆம் தேதி ஜாலியன்வாலா பாக். அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டார்கள். இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ரௌலட் சட்டத்தின் கொடிய பிரிவுகள் கடைசிவரை யார் மேலும் பிரயோகிக்கப்படவேயில்லை. தேஜ் பகதூர் சாப்ரு தலைமையிலான குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து 1922ல் சட்டமே நீக்கப்பட்டது. ஒரு நாள்கூடப் பயன்படாத சட்டம், அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையை அடியோடு அழித்துவிட்டுப் போனது.

மூன்றாம் சாஸ்திரி

"அது வெள்ளைக்காரன் ஆட்சி, இது நம் ஆட்சி, ஒப்பிடலாமா?" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதிலை நம் குடியரசின் முதல் மாதத்திலேயே பார்க்கலாம்.

1950 ஜனவரி 26ல் அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. பிப்ரவரி 25ல், அதாவது சரியாக முப்பதாவது நாள், சர்தார் படேல் தடுப்புக் காவல் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். பிரிவினையின் காயம் ஆறவில்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம். தூக்கமில்லாத இரவுகளுக்குப் பிறகே இதைக் கொண்டுவருகிறேன் என்று அவரே சொன்னார். அவருடைய சங்கடம் உண்மையானதுதான். ஒரே வருஷத்துக்கான சட்டம் என்று நிறைவேறியது.

சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். 1950 மே 19ல் தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் ஒருவர், சென்னையில் வக்கீலாகத் தொடங்கி உயர்ந்த எம். பதஞ்சலி சாஸ்திரி. ஜனநாயக சாசனத்தில் தடுப்புக் காவல் என்பது பொருந்தாத, அச்சமூட்டும் அம்சம் என்று அவர் எழுதினார். ஆனாலும் சாசனமே அனுமதித்த பிறகு நீதிமன்றம் தடுக்க முடியாது என்று பெரும்பான்மையோரோடு சேர்ந்து சட்டத்தை ஏற்றார். ஒரு பிரிவை மட்டும் ஆறு பேரும் ரத்து செய்தார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற பிரிவு அது. நாட்டுக்கு ஆபத்து என்று அடைக்கப்பட்ட அதே கோபாலன், 1952ல் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு எதிர்க்கட்சி வரிசையில் முதன்மையானவராக உட்கார்ந்தார் என்பது கதையின் பின்பகுதி.

படேலுக்குப் பிறகு உள்துறை மந்திரியானவர் ராஜாஜி. ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் பிறந்த யோசனைக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தவரே, 1951 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டத்தை மேலும் ஒரு வருஷம் நீட்டிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்! ஆனால் அவர் வெறுமனே நீட்டிக்கவில்லை. சில வகைக் காவல்களை மட்டும் ஆலோசனைக் குழு பார்த்தால் போதும் என்றிருந்ததை மாற்றி, எல்லாவற்றையும் அதன் முன் வைக்க வேண்டும் என்றாக்கினார். நாற்காலி மாறும்போது பார்வையும் மாறுகிறது. மாறியபோதும் அவருக்குப் பழைய பாடம் முழுக்க மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியான பின், 1952 மார்ச் 31ல் சென்னை அரசு எதிர் வி.ஜி. ராவ் வழக்கில் தீர்ப்புச் சொன்னார். அரசாங்கம் ஒரு சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்தால் போதும்; பிறகு ஒரு ஆலோசனைக் குழு பார்த்துக்கொள்ளும் என்றது சென்னைச் சட்டம். போதாது என்றது நீதிமன்றம். பறிக்கப்படும் உரிமை எது, தடுக்க வேண்டிய தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், போடும் தடை அந்தத் தீமையின் அளவுக்கு மிஞ்சுகிறதா, அன்றைய நிலைமை என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் ஒரு கட்டுப்பாடு நியாயமா என்று சொல்ல வேண்டும் என வகுத்தார். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் நீதிமன்றங்கள் அந்தத் தராசை எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

முதல் சாஸ்திரி ஆபத்தைப் பார்த்தார். இரண்டாமவர் ஆபத்தைத் தடுக்க வந்த ஆயுதத்தைப் பார்த்தார். மூன்றாமவர் இரண்டையும் ஒரு தராசில் வைத்தார். நான் புரிந்துகொண்ட சரித்திரம் இவ்வளவுதான்.

தராசு சாய்ந்த காலம்

ஒரு வருஷத்துக்கு என்று வந்த தடுப்புக் காவல் சட்டம் 1969 டிசம்பர் வரை நீடித்தது. சீனப் படையெடுப்பின்போது 1962 அக்டோபரில் அறிவித்த நெருக்கடி நிலை, சண்டை ஒரே மாதத்தில் ஓய்ந்தும், 1968 ஜனவரியில்தான் விலக்கப்பட்டது. 1971ல் மிசா. 1975 ஜூன் 25ல் உள்நாட்டு நெருக்கடி நிலை.

அப்போது அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லின. 1976 ஏப்ரல் 28ல் உச்ச நீதிமன்றம், முடியாது என்றது. வாதத்தின் நடுவே நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றால்? நெருக்கடி நிலை இருக்கும்வரை பரிகாரம் இல்லை என்றுதான் அட்டர்னி ஜெனரல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நால்வர் ஒரு பக்கம். கன்னா மட்டும் மறுபக்கம். மறு வருஷம் அவருடைய முறைக்கு வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

1978ன் நாற்பத்து நான்காம் திருத்தத்தின் மூலம், எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்றானது. அதே திருத்தத்தில் தடுப்புக் காவலுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் ஒரு பிரிவும் இருக்கிறது. அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை இதுவரை எந்த அரசாங்கமும் வெளியிடவில்லை. எல்லாக் கட்சிகளும் இடையில் ஆண்டுவிட்டன. 1976ன் தீர்ப்பு தவறு என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ல் தீர்த்தார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான டி.ஒய். சந்திரசூட், 1976ல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

பிறகு 1985ல் தடா வந்தது. அதன் கீழ்தான் ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்தது. பூந்தமல்லி விசேஷ நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்றது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேர் விடுதலை. அப்பீல் என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பத்தொன்பது பேர் என்ன ஆகியிருப்பார்கள்?

2002ல் பொடா வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் நாடாளுமன்றமே தாக்கப்பட்டிருந்தது. காரணம் இல்லாமல் வரவில்லை. அதை நிறைவேற்றிய கூட்டணியில் இருந்த வைகோ, சில மாதங்களிலேயே ஒரு மேடைப் பேச்சுக்காக அதே சட்டத்தில் கைதாகி, ஏறக்குறைய 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அவர் கருத்துகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் வலங்கைமான் சாஸ்திரியார் 1919ல் சொன்னது நினைவுக்கு வராமல் இருக்காது. 2004ல் பொடா நீங்கியது. அதன் பல பிரிவுகள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின.

இரண்டு வழக்குகள்

இனி என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன்.

2008 நவம்பர் 26ல் மும்பை மறுபடி தாக்கப்பட்டது. உயிரோடு பிடிபட்ட கசாபுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்தார்கள். அப்போது எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. அவனுடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் ஒரு மாஜிஸ்டிரேட். விசாரணை நீதிமன்றம் 2010 மே மாதத்தில் தீர்ப்புச் சொன்னது. உயர் நீதிமன்றம் 2011ல், உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் அதை உறுதி செய்தன. 2012 நவம்பர் 21ல் தண்டனை நிறைவேறியது. வக்கீல், வாதம், அப்பீல் மூன்றும் இருந்தன. நான்கு வருஷத்துக்குள் முடிந்தது. உலகில் யாரும் அந்தத் தீர்ப்பைக் குறைசொல்ல முடியவில்லை.

என் நண்பர் மாண்ட 2006 வழக்கு வேறு விதமாகப் போனது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலமே சாட்சியமாகும் மகாராஷ்டிரத்தின் விசேஷச் சட்டத்தில் அது நடந்தது. 2015ல் 12 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, ஐவருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21ல் மும்பை உயர் நீதிமன்றம், வாக்குமூலங்களையும் சாட்சியங்களையும் நம்ப முடியாது என்று 12 பேரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் 2021லேயே சிறையில் இறந்துபோயிருந்தார். அரசாங்கம் அப்பீல் செய்தது. இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று மட்டும் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை.

இரண்டு வழக்குகளும் ஒரே மாதிரி அல்ல. கசாப் கையும் களவுமாகப் பிடிபட்டவன், அதனால் சாட்சியம் ஏராளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயர் நீதிமன்றம் சொன்னதுதான் சரி என்றால், பன்னிரண்டு குடும்பங்கள் காரணமில்லாமல் பத்தொன்பது வருஷம் அழுதிருக்கின்றன. என் நண்பரைக் கொன்றவர்களும் இத்தனை நாளும் எங்கோ நிம்மதியாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். குறுக்கு வழியில் போனால் சுதந்திரத்தை இழந்து பாதுகாப்பைப் பெறலாம் என்றுதான் 2006ல் நான் நினைத்தேன். இரண்டும் சேர்ந்தே கைநழுவும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

வக்கீல் மாமா 2012ல் காலமாகிவிட்டார். படித்துவிட்டு வந்தேன் என்று அவரிடம் சொன்ன நாளில், அவர் என்னிடம் சொன்ன கடைசிப் பாடத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

"கடுமையான சட்டமே கூடாதுன்னு நான் சொல்லலே. குண்டு வைக்கறவன் இருக்கற வரைக்கும் அது வேணும். ஆனா சட்டம் வரச்சே மூணு கேள்வி கேளு. இதுக்கு முடிவு தேதி உண்டா? அடைச்சு வெச்சவனுக்குக் காரணம் சொல்றாளா? அடைச்சவாளைத் தவிர வேற ஒருத்தர் அதைப் பார்க்கறாளா? மூணுக்கும் ஆமான்னா பயமில்லே. ஒண்ணுக்கு இல்லேன்னாலும், சட்டம் கொண்டுவந்தவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் பிரயோஜனமில்லே. நல்லவர் நாளைக்கு நாற்காலியை விட்டுப் போயிடுவார். சட்டம் அங்கேயே இருக்கும்."

தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் இருக்கும் நம் கிளை அன்பர்களின் பிள்ளைகளில் பலர் இன்று வக்கீல்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். அடுத்த குண்டு வெடிக்கும்போது, கடவுள் அருளால் அது வெடிக்காமலே போகட்டும், யாராவது ஒரு கூட்டத்தில் என்னைப் போல எழுந்து நின்று உரக்கப் பேசுவார்கள். அப்போது அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இந்த மூன்று கேள்விகளையும் சொல்ல ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.